பெரியப்பா ஊருக்குப் போயிருக்கிறார்

மாரீஸ்வரிக்கு ஒரு நாளைக்கு இரண்டு பெரட்டு. காலை ஏழரைக்கு ஒன்று, சாயங்காலம் ஏழே காலுக்கு ஒன்று. காலையில் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் களத்தில் நிற்கும் ஐம்பத்திரண்டு பேரின் பெயரை வரிசையாகக் கூப்பிடுவாள். "இருக்கேன்" என்று குரல் வந்தால் நோட்டில் ஒரு கோடு போடுவாள். சாயங்காலம் 'ஏழு வாசல் வீடு' என்ற டிவி சீரியலில் வருகிற பத்தொன்பது பேருக்கும் ஒரு நாய்க்கும் அதே வேலையைச் செய்வாள். முதல் பெரட்டுக்குக் கம்பெனி சம்பளம் தருகிறது. இரண்டாவதை யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. இரண்டில் எது முக்கியம் என்று அவள் புருஷன் ராஜசேகர் ஒருமுறை கேட்டான். அப்புறம் அவன் கேட்கவில்லை.

கேரளத்தில் தேவிகுளத்துக்கு மேலே, தமிழ்நாட்டு எல்லைக்கு ஒரு மலை இந்தப் பக்கம் அந்தத் தோட்டம். மாரீஸ்வரி அங்கே லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, பதினான்கு வருஷம் கொழுந்து எடுத்தவள். ஃபீல்டு ஆபீசர் யாக்கோபு ஒருநாள் அவள் எழுதிக் கொடுத்த லீவ் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "நின்ட எழுத்து கொள்ளாமே. இனி நீ பெரட்டு எடு" என்றார். மலையாளத்தில் அது பாராட்டு. மறுநாளிலிருந்து கூடை போய் நோட்டு வந்தது.

நோட்டில் வந்தவர்களுக்குக் கோடு, வராதவர்களுக்குக் காரணம். காரணம் தெரியாதபோது அந்த மலையில் எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: ஊருக்குப் போயிருக்கிறார். மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்து, ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கேயே வைத்திருப்பவர்களுக்கும் ஊர் என்றால் மலைக்கு அந்தப் பக்கம், சங்கரன்கோவில் வட்டாரம். முந்தின நாள் குடித்த குடி தெளியாதவனும் ஊருக்குத்தான் போயிருப்பான். பெண்டாட்டியிடம் அடி வாங்கிக் கன்னம் வீங்கியவனும் ஊருக்குத்தான் போயிருப்பான். யாரும் மேற்கொண்டு துருவ மாட்டார்கள். துருவினால் நாளைக்கு நமக்கும் அதே கேள்வி வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலப் பெரட்டு மகள் பூமாரியால் வந்தது. அவள் கோயம்புத்தூருக்கு நர்சிங் படிக்கப் போனபோது ஹாஸ்டலில் டிவி இல்லை. "நடந்ததை மட்டும் எழுதி அனுப்பும்மா" என்றாள். மாரீஸ்வரிக்குக் கதை சொல்லத் தெரியாது. தெரிந்ததை எழுதினாள்.

'மாமியார்: வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.
மூத்த மருமகள்: வந்தாள். அழுதாள்.
இளைய மகன்: வந்தான். ஒன்றும் சொல்லவில்லை.
பெரியப்பா தணிகாசலம்: வந்தார். ஊஞ்சலில் பேப்பர் படித்தார்.
நாய்: வரவில்லை. காரணம் சொல்லவில்லை.'

பூமாரியின் தோழிகள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருத்தி பேஸ்புக்கில் 'ஏழு வாசல் பெரட்டு' என்று ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள். மூன்றே மாதத்தில் பூமாரிக்கு அந்தக் கதையில் ஆர்வம் போய்விட்டது. அவளுக்கு வேறு கதை ஏதோ ஆரம்பித்திருக்கிறது என்பது மாரீஸ்வரியின் சந்தேகம். ஆனால் அதற்குள் பக்கத்துக்கு முப்பத்தெட்டாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். வேலைக்குப் போய் வருவதற்குள் சீரியலைத் தவறவிட்டவர்கள், பார்த்துவிட்டு வந்து சண்டை போடுகிறவர்கள், பார்க்காமலே சண்டை போடுகிறவர்கள். அந்த வீட்டின் ஏழு வாசலில் இதுவரை இரண்டைத்தான் காட்டியிருக்கிறார்கள். மற்ற ஐந்து எங்கே என்று வாரம் ஒரு ரகளை நடக்கும்.

மூன்று வாரமாக நாய் வரவில்லை என்று அவள் எழுதிக்கொண்டே வந்தாள். நான்காவது வாரம் நாய் வந்தது. 'நாய்: வந்தது. வேறு நாய்' என்று எழுதினாள். மறுநாள் அவளுக்குச் சென்னையிலிருந்து போன்.

"அக்கா, என் பேரு சந்துரு. 'ஏழு வாசல்' ரைட்டிங் டீம்ல இருக்கேன். கடைசி ஆளு. அந்த நாய் விஷயத்தைப் பெருசு பண்ணிடாதீங்க, பழைய நாய்க்கு உடம்பு சரியில்ல."

சந்துரு ரொம்ப மரியாதையான பையன். கதை எழுத நான்கு பேர் இருப்பதையும், ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது என்பதையும், சீரியலைப் பார்க்க நால்வருக்குமே நேரமில்லை என்பதையும் அவன் ஒளிக்காமல் சொன்னான். யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய சார்ட்டு இருந்ததாம். வெள்ளையடிக்க வந்தவர்கள் அதைச் சுருட்டி எங்கோ போட்டுவிட்டார்கள்.

"இப்ப உங்க பேஜ்தான்க்கா எங்களுக்குச் சார்ட்டு. தினம் காலையில பிரிண்ட் எடுத்து டைரக்டர் சார் டேபிள்ல வெச்சிடுவேன்" என்றான்.

மாரீஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. ராஜசேகரிடம் மட்டும் சொன்னாள். அவன் ஜீப் ஓட்டுகிறவன். மலையைச் சுற்றிப் பார்க்க வருகிற வடக்கத்திக்காரர்களிடமெல்லாம் அருவியைக் காட்டுவதற்கு முன்பு இதைச் சொல்லிவிடுவான். மாரீஸ்வரியின் நடையிலேயே ஒரு மிதப்பு வந்துவிட்டதாக லயத்தில் பேச்சு. பேச்சு பொய்யில்லை.

வினை அந்த ஜூன் மாதத்தில் வந்தது. அன்றைக்கு அவளுடைய அறுநூற்றுப் பன்னிரண்டாவது பெரட்டு. மதியமே காற்று பிடித்து, மரம் விழுந்து, கரண்ட்டு போய்விட்டது. ஆறரைக்கு டிவி கறுப்பாக இருந்தது. ஏழு மணிக்கும் கறுப்பாகவே இருந்தது. போனில் பார்க்கலாம் என்றால், அந்த மலையில் ரேஞ்சு கிடைப்பது மாதா சிலை இருக்கிற குருசடிக்குப் பக்கத்து வளைவில் மட்டும்தான். அந்த ரேஞ்சில் எழுத்து போகும், படம் வராது.

'இன்று கரண்ட்டு இல்லை' என்று மூன்று வார்த்தை எழுதியிருக்கலாம். யாரும் தலையைச் சீவிவிட மாட்டார்கள். ஆனால் அறுநூற்றுப் பதினோரு நாள் விடாமல் எழுதியவளுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. சுத்தமான வீம்பு, வேறொன்றுமில்லை. முந்தின நாள் கடைசியில் காட்டிய முன்னோட்டம் நினைவிருந்தது: மருமகள் சாவிக்கொத்தை எடுக்கிறாள், மாமியார் முறைக்கிறார். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வளைவில் நின்று அதை வைத்தே எல்லோருக்கும் எழுதிவிட்டாள். பெரியப்பா தணிகாசலம் முன்னோட்டத்தில் இல்லை. அவருக்கு என்ன எழுதுவது? கை பழக்கத்தில் தானாக எழுதியது: 'ஊருக்குப் போயிருக்கிறார்.'

எந்த ஊர் என்று உடனே ஒருவர் கேட்டார். போனில் நாலு சதவீதம் சார்ஜ் இருந்தது. 'சங்கரன்கோவில். தம்பி வீட்டில் விசேஷம்' என்று பதில் போட்டாள். போன் அணைந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, கரண்ட்டு உள்ள ஒரு சாயங்காலம், டிவியில் மருமகள் கேட்டாள்: "பெரியப்பாவைக் காணோமே அத்தை?"

மாமியார் சொன்னார்: "அவர்தான் சங்கரன்கோவில்ல தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்காரே!"

குழம்புக் கரண்டியோடு மாரீஸ்வரி அப்படியே நின்றாள். தணிகாசலத்துக்குத் தம்பி இருப்பது அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே அன்றைக்கு வளைவில் நின்றபோதுதான் தெரிந்தது. முதலில் ஒரு புல்லரிப்பு வந்தது. தான் சொன்ன வார்த்தையைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்கிறது! அடுத்த நொடி, அது பார்க்காமல் எழுதிய பொய் என்ற பயம் வந்தது. அந்த இரண்டு உணர்ச்சிகளில் எது பெரியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதனால் இரண்டையும் விட்டுவிட்டுக் குழம்பை இறக்கினாள்.

ஆகஸ்டு மாதம் பக்கத்துக்கு ஒரு தனிச்செய்தி வந்தது. அனுப்பியவர் படத்தில் வேட்டியும் பட்டை விபூதியுமாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அந்த ஊஞ்சல் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

'வணக்கம் தாயி. என் பெயர் சுடலைமணி. சீரியலில் பெரியப்பாவாக நடிக்கிறவன். ஒரு சந்தேகம் கேட்கலாமா? நான் ஊருக்குப் போனதாக எந்த எபிசோடில் வந்தது? கம்பெனியில் கேட்டால் பெரட்டுப் பக்கத்தில் இருக்கிறது என்கிறார்கள். நீங்கள் எழுதிய அன்றைக்கு நான் வந்திருந்தேன். ஊஞ்சலில் பேப்பர் படித்தேன். தப்பாக நினைக்க வேண்டாம். என் போன் நம்பர் கீழே இருக்கிறது.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். பெரட்டு எடுக்கிறவர் செய்யக்கூடாத தப்பு ஒன்று உண்டு. வராதவனுக்குக் கோடு போட்டால்கூட யாக்கோபு திட்டுவதோடு விட்டுவிடுவார். வந்து நிற்கிறவனை வரவில்லை என்று எழுதுவதுதான் பெரிய பாவம். அன்றைய கூலி போகும், அவன் களத்தில் நின்ற நிற்பும் இல்லையென்று ஆகும். ஒன்பது வருஷத்தில் மாரீஸ்வரி அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை.

குருசடி வளைவுக்குப் போய் அவருக்குப் போன் போட்டாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்: கரண்ட்டு இல்லை, பார்க்கவில்லை, வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன்.

சுடலைமணி கேட்டார்: "அழாத தாயி. சங்கரன்கோவிலுன்னு எப்படிச் சொன்ன? நான் நெசமாவே அந்தப் பக்கத்துக்காரன்லா. இப்ப அங்கனதான் இருக்கேன்."

"ஐயா?"

"சென்னையில வேல இல்லாம எத்தன நாளு கெடக்க முடியும்? மாசத்துக்குப் பத்து நாளு ஊஞ்சல்ல உக்காருவேன், அதுல ஓடுச்சு. நாடகத்துல நாப்பது வருசம் ராசா வேசம் கட்டுனவன். எனக்கு இந்தப் பெரியப்பாதான் கடைசி வேசம்னு தெரியும். அதான் தெனமும் ஒம் பக்கத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். திரும்பி வந்துட்டேன்னு எழுதிருக்கியான்னு."

வசவு வாங்கியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். அவர் ஒரு வார்த்தை வையவில்லை.

அன்றைக்கே சந்துருவுக்குப் போன் போட்டாள். "தம்பி, அந்த எபிசோட நான் பாக்கலப்பா."

"நானும் பாக்கலக்கா" என்றான் சந்துரு.

"பெரியப்பா ஊருக்குப் போகல. திரும்பக் கூப்பிட்டுருங்க."

"மாமியார் வாயாலயே சொல்லியாச்சேக்கா. இனிமே அவர் போனது போனதுதான். திரும்ப வரணும்னா கதையில இடம் வேணும். சார் ஒண்ணுதான் கேப்பாரு, ஆடியன்ஸ் கேக்கறாங்களான்னு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மாசத்துல அவரை யாருமே கேக்கலக்கா. நாயை நூறு பேர் கேட்டாங்க."

மாரீஸ்வரிக்கு ஒரு சுலபமான வழி கண்ணுக்குத் தெரிந்தது. 'பெரியப்பா: வந்தார்' என்று எழுதினால் போதும். நாளைக் காலையில் பிரிண்ட் ஆகி மேஜைக்குப் போய்விடும், நான்கு பேரில் ஒருவர் நம்பிவிடுவார். பொய்யால் போனவர் பொய்யாலேயே வருவார். விரல் எழுத்தின் மேல் நின்றது. ஆனால் அப்படி எழுதினால், இனி அவள் போடுகிற எந்தக் கோட்டையும் அவளாலேயே நம்ப முடியாது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் சொந்தமாக இருந்தது அந்தக் கோடு ஒன்றுதான்.

உண்மையை எழுதினாள். பெரட்டு என்றால் என்ன, களத்தில் பெயர் கூப்பிட்டால் எப்படி "இருக்கேன்" என்று சொல்வார்கள், தான் எப்படி ஒரு நாள் பார்க்காமல் எழுதினாள், ஊஞ்சலில் இருந்த மனிதரை எப்படி ஊருக்கு அனுப்பினாள் என்று எல்லாவற்றையும். 'பெரியப்பா போகவில்லை. நான்தான் போகச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள்' என்று முடித்தாள். திட்டு வாங்கத் தயாராக வளைவில் உட்கார்ந்தாள்.

யாரும் நம்பவில்லை.

பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஷமீனா முதல் ஆளாக எழுதினாள்: 'அக்கா, நீங்க எதுக்குப் பழியை ஏத்துக்கறீங்க? அவரு போனதை நான் கடையில இருந்தே பாத்தனுங்க. கையில மஞ்சப்பை வெச்சிருந்தாரு.' இன்னொருவர் மஞ்சள் பை இல்லை, தகரப் பெட்டி என்றார். பஸ் ஏறியதும் பெரியப்பா திரும்பிப் பார்த்த இடத்தில் அழுதுவிட்டதாக மூன்று பேர் எழுதினார்கள். ஒரு மனிதர் மெனக்கெட்டு அந்த எபிசோடைத் தேடி எடுத்து, பெரியப்பா ஊஞ்சலில் பேப்பர் படிக்கிற படத்தைப் போட்டார். பழைய படத்தைப் போட்டு ஏமாற்றுகிறாயா என்று எல்லோரும் சேர்ந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். அவர் பக்கத்தை விட்டே போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது மாரீஸ்வரிக்கு அவள் அம்மா நினைவு வந்தது. அம்மாவும் இதே மேல் டிவிசனில் கொழுந்து எடுத்தவள். நெஞ்சு வலியில் ஒரு மதியம் போய்விட்டாள். பெயரை நீக்கச் சொல்லி ஆபீசிலிருந்து காகிதம் வரத் தாமதமானதால், செத்த பிறகும் ஒன்பது நாள் களத்தில் அம்மா பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்துவார்கள். அந்த ஒரு நொடி வரிசையில் நிற்கும் மாரீஸ்வரிக்குப் போதுமானதாக இருந்தது. பத்தாம் நாள் அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார்கள். சுடுகாட்டில் வராத அழுகை அவளுக்கு அன்றைக்குக் களத்தில் வந்தது. பெயர் கூப்பிடுகிற வரைக்கும் ஒரு ஆள் முழுசாகப் போய்விடுவதில்லை என்று அவள் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் சாயங்காலப் பெரட்டில் முதல் வரி மாறியது. 'பெரியப்பா தணிகாசலம்?' என்று கேள்விக்குறி போட்டாள். கீழே ஒரு வரி காலியாக விட்டாள். பிறகு, 'வரவில்லை' என்று எழுதினாள். காரணம் எழுதவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மாமியார், மருமகள், புது நாய் எல்லோரும் அதற்குக் கீழேதான்.

பன்னிரண்டாம் நாள் ஷமீனா எழுதினாள்: 'என்னமோ ஆயிருச்சுங்க. தினமும் நீங்க கூப்பிடறதைப் படிச்சு, இப்பக் கடையைச் சாத்தறப்ப நானே பெரியப்பான்னு கூப்பிடறேன். எப்பங்க வருவாரு?' அதற்குக் கீழே ஒருவர் 'பெரியப்பா?' என்றார். இன்னொருவர் 'பெரியப்பா?' என்றார். மறுநாள் நாற்பது பேர் கூப்பிட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் சேனலின் சொந்தப் பக்கத்தில், சோப்பு விளம்பரத்துக்குக் கீழேகூட, 'பெரியப்பா?' என்று வரிசை நின்றது. ஊருக்குப் போனவரைக் கேட்கிறோமா, போகாதவரைக் கேட்கிறோமா என்று யாரும் குழப்பிக்கொள்ளவில்லை.

சந்துரு போன் செய்தான். "அக்கா, சார் டென்ஷன் ஆயிட்டாரு. அந்தப் பெருசு எங்கய்யா, உடனே கூப்பிடுன்னு கத்தறாரு. நாலு நாள் ஷூட்டிங் முடிஞ்சாச்சு. மஞ்சப்பை வாங்கத்தான் ஒரு நாள் அலைஞ்சோம்."

"மஞ்சப்பை எதுக்கு?"

"அவர் மஞ்சப்பையோடதானக்கா போனாரு!"

அவள் போனை வைத்தாள். சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

முன்னோட்டத்தில் மஞ்சள் பையும் செருப்புக் காலும் வாசலில் ஏறுவதைக் காட்டினார்கள். அது மூன்றாவது வாசல், இதுவரை காட்டாதது. மறுநாள் மாரீஸ்வரி ஐந்தரைக்கே சமையலை முடித்தாள். ஆறு மணிக்கு ராஜசேகர் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஐப்பசி மாதம். ஆறு இருபதுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இடி விழுந்தது. கரண்ட்டு போனது.

ராஜசேகர் அவள் முகத்தைப் பார்க்காமல் டார்ச்சைத் தேடப் போனான்.

அவள் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வளைவுக்கு நடந்தாள். எல்லாம் முடிந்திருக்கும் நேரம் வரை நின்றாள். ஏழே காலுக்கு எழுதினாள்: 'இன்று கரண்ட்டு இல்லை. நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன்.' அறுநூற்றுப் பன்னிரண்டாம் நாள் எழுதியிருக்க வேண்டிய வரி அது. பிறகு, பழக்கத்தில், 'பெரியப்பா தணிகாசலம்?' என்று போட்டுவிட்டு ஒரு வரி காலியாக விட்டாள்.

'வந்துட்டார்!' என்று கொட்ட ஆரம்பித்தது. நூறு, இருநூறு, ஐந்நூறு. பை மஞ்சள் என்றார்கள். அழுதேன் என்றார்கள். மாரீஸ்வரி ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் மாதம் அவர் போனதையும் பார்த்தவர்கள்தான் இவர்கள்.

மழை குடையில் அடித்தது. போனில் ஒன்பது சதவீதம் இருந்தது. அவள் காத்திருந்தாள். அந்த இரைச்சலுக்கு நடுவில், ஊஞ்சல் படம் போட்ட பெயரிலிருந்து ஒரு வரி வந்தது.

'இருக்கேன் தாயி.'

மாரீஸ்வரி அழுதாள். நன்றாகவே அழுதாள், பார்க்க யாரும் இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியாக விட்ட வரியில் 'வந்தார்' என்று எழுதிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.